சாம்பல் கல்லுக்குத் தண்ணீர்

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். மட்டாஞ்சேரியில் நான் வாழ வந்த வீட்டில் சுவரே கிடையாது. காது மட்டும்தான் இருந்தது.

பஜார் ரோட்டில் அது ஒரு பண்டகசாலையின் மாடி. கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மேலே நீளமாக ஒரே கூடம். அதைப் பலகை அடித்து இரண்டாகத் தடுத்திருந்தார்கள். ஒரு பாதியில் என் கணவரின் அண்ணன், என் ஓரகத்தி, அவர்கள் பிள்ளைகள். மறுபாதியில் என் கணவரும், பாலக்காட்டிலிருந்து வந்து இறங்கிய நானும். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. தடுப்பு கூரை வரை போகவில்லை. காற்று வரட்டும் என்று மேலே ஒரு முழம் விட்டிருந்தார்கள். காற்று வந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தப் பக்கத்து இருமலும் கொட்டாவியும் பிள்ளைகள் சொல்லும் வாய்ப்பாடும் தவறாமல் வந்தன. எங்கள் சங்கதிகளும் அதே வழியாக அங்கே போயின.

கல்யாணமான புதிதில் ஒருநாள், நேந்திரங்காய் வறுவல் தின்ன ஆசையாக இருக்கிறது என்று அவர் காதோடு சொன்னேன். மறுநாள் காலை ஓரகத்தி ஒரு பொட்டலத்தைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்து, தின்னு, ஆசையை அடக்கக் கூடாது என்றாள். அன்பாகத்தான் வைத்தாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. காதோடு சொன்ன வறுவலே அந்தப் பக்கம் போய்விட்டது என்றால் மற்றதெல்லாம் போகாமலா இருக்கும்? அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டேன்.

என் நிலைமையாவது தேவலை. அவருக்குக் கிசுகிசுக்கவே தெரியாது. எண்ணெய் மில்லில் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. காலை முதல் மாலை வரை அந்த இரைச்சலுக்கு மேலே குரல் எழுப்பிப் பேசிப் பேசி, தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. சாப்பிடும்போது உப்பு என்று கேட்டால் கீழே மூட்டை தூக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் பேசுவதே இல்லை. தலையை ஆட்டுவார், கையைக் காட்டுவார், சிரிப்பார். எனக்கோ ஊமைப் படத்துக் கதாநாயகனுக்கு வாழ்க்கைப்பட்டது போல் இருந்தது.

எங்கள் முதல் குழந்தை வயிற்றில் தங்காமல் போனபோதுதான் அந்தப் பலகையை நான் உண்மையிலேயே வெறுத்தேன். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பக்கம் வாய்ப்பாடு நின்றுவிட்டது. சத்தம் போடாதீங்க, சித்தி அழுறா என்று ஓரகத்தி பிள்ளைகளிடம் சொல்வது கேட்டது. அந்தக் கனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். ஏதோ சொல்வதற்கு வாயைத் திறந்தார். பலகையைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அவர் சொல்ல வந்ததைக் கேட்க எனக்கு ஓர் இடம் வேண்டும் என்று அன்று தோன்றியது. நான்கு சுவர், ஒரு கதவு. நகை நட்டு எதற்கும் நான் அப்படி ஏங்கியவள் இல்லை.

இடம் இல்லாமல் இல்லை. மாமனார் காலத்தில் வாங்கிப் போட்ட ஒரு துண்டு நிலம் தோப்பும்படிக்குப் போகும் வழியில் கிடந்தது. பின்னால் ஒரு தோடு, உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சின்ன வாய்க்கால். நிலம் பள்ளம். அங்கே நீ வேண்டுமானால் ஒரு வீடு கட்டிக்கொள் என்று அண்ணன் தம்பியிடம் பெருந்தன்மையாகச் சொல்லியும்விட்டார். சொல்வது சுலபம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த ஊரில் வீடு என்றால் வெட்டுக்கல், பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் செம்பாறைக் கல். அது கிழக்கேயிருந்து வள்ளத்தில் வர வேண்டும். எங்கள் கைக்கு எட்டாத சமாசாரம் அது. எட்டினாலும் அந்தச் சதுப்பில் அவ்வளவு கனத்தை ஏற்றினால் வீடு மெல்ல மெல்லப் பாதாளத்துக்குப் போய்விடும் என்று நிலத்தைப் பார்த்த மேஸ்திரி சொல்லியிருந்தார். சிமெண்டில் கல் வார்க்கலாம். ஆனால் சிமெண்டுக்கு அப்போது பெர்மிட். கெஞ்சிக் கூத்தாடி வாங்குகிற மூட்டைகளில் ஒரு அடுப்படிகூடக் கட்ட முடியாது.

இந்த இடத்தில் சாம்பலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மில்லின் புகைக்கூண்டு எங்கள் மாடிக்கு நேராகத் தெரியும். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரிதான் அந்தப் பாய்லருக்குச் சாப்பாடு. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் போதும், காயப்போட்ட வேட்டி, அப்பளம், வடாம் எல்லாவற்றின் மேலும் மாவு போல் ஒரு சாம்பல் வந்து உட்காரும். உதறினால் போகாது, துடைத்தால் இழுபடும். அந்தப் புகைக்கூண்டை நான் திட்டாத திட்டு இல்லை. சாயங்காலம் அதைத் திட்டி முடிப்பதற்குள் புருவமெல்லாம் அதே சாம்பலோடு அவர் வந்து நிற்பார். கல்லானாலும் கணவன் என்பார்கள். எனக்கு வாய்த்தது சாம்பல் என்று ஓரகத்தியிடம் சொல்லிச் சிரிப்பேன்.

வருஷத்துக்கு ஒருமுறை பாய்லரை அணைத்து, ஆறப்போட்டு, உள்ளே இறங்கிச் சுத்தம் செய்வார்கள். பிறகு பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து தட்டிப் பார்ப்பார். அந்த வருஷம் வந்தவர், புகைக்கூண்டின் அடியிலிருந்து வாரிக் குவித்திருந்த பொடியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இதை ஏன் தோட்டில் கொட்டுகிறீர்கள், வடக்கே ஓர் அணை கட்டுகிறார்கள், அங்கே சிமெண்டைக் குறைத்து அந்த இடத்தில் இதைத்தான் சேர்க்கிறார்களாம் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். சொன்னவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். கேட்டவருக்குத்தான் தூக்கம் போயிற்று.

அன்று மாலை அவர் கைக்குட்டையில் எதையோ முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். முகம் பளபளவென்றிருந்தது. பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படகுத் துறைப் பக்கம் கையைக் காட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். எர்ணாகுளம் படகுக்கு நிற்கிறவர்கள் நடுவில் கைக்குட்டையை அவிழ்த்து, "நம்ம வீடு இதிலதான் இருக்கு" என்றார். துறையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைக்குட்டையைப் பார்த்தேன். என் அப்பளத்தைக் கெடுக்கிற அதே சாம்பல்.

முதலில் வார்த்த கற்கள் கையோடு உதிர்ந்தன. பாய்லர் அடுப்புக் கம்பிகளுக்குக் கீழே கட்டி கட்டியாக விழும் சாம்பலையும் சேர்த்துக் கலந்துவிட்டோம். அது பாத்திரம் துலக்கத்தான் லாயக்கு. புகையோடு பறந்து போய் அடியில் தங்குகிற மாவுதான் வேண்டும். அதிலும் கருகல் இருந்தால் பிடிக்காது. என் பழைய மல் புடவை ஒன்றைக் கிழித்து, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துச் சலித்தோம். சலித்து முடித்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தலை, இமை எல்லாம் நரைத்திருந்தது. கிழவியானால் இப்படித்தான் இருப்பாய் என்று சிரித்தார். நீங்களும்தான் என்றேன். அவர் கிழவராகி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தை, மாசி மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கல் வார்த்தோம். மரத்தில் அவரே அடித்த அச்சு. ஆற்று மணல், சல்லி, பெர்மிட் சிமெண்ட் கொஞ்சம், சாம்பல் நிறைய. அச்சிலிருந்து எடுத்து நிழலில் அடுக்கி, மேலே சாக்கைப் போர்த்திவிடுவோம். அதன் பிறகு தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். தோட்டில் தண்ணீர் நிறைய இருந்தது, ஆனால் உப்பு. உப்பு பட்டால் கல் எப்போதும் ஈரம் பூத்துக்கொண்டே இருக்கும் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். தெருக்குழாயில் வரிசையில் நின்று நல்ல தண்ணீர் பிடித்துப் போனேன். குடிக்கிற வெள்ளத்தைக் கல்லுக்கா கொண்டு போகிறாய், கல்லுக்கு அவ்வளவு தாகமா என்று குழாயடியில் கேலி செய்தார்கள். என் கல் உங்கள் வீட்டுக்காரர்கள் மாதிரி இல்லை, பச்சைத் தண்ணீரோடு திருப்திப்படும் என்றேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அவர் மில்லிலிருந்து நேராக நிலத்துக்கு வருவார். நான் வீட்டிலிருந்து குடத்தோடு போவேன். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சாயங்காலம் சேர்ந்து வெளியே போவதென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். எங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கல்லுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறோம் என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

அங்கேதான் என் கணவரின் குரலை முழுசாகக் கேட்டேன்.

கேட்டு மாளவில்லை. அத்தனை வருஷமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்தது போல் வந்தது. சிறுவயதில், குடும்பம் இங்கே வருவதற்கு முன், பாலக்காட்டுக் கோட்டை அகழியில் விழுந்தது, முதன்முதலில் கடலைப் பார்த்து இதற்கு மறுகரை எங்கே என்று கேட்டு அடி வாங்கியது, பாய்லரின் அழுத்தம் ஏறும்போது வருகிற பயம், அந்தப் பயத்தை யாரிடமும் காட்ட முடியாதது. நடு நடுவே பாடுவார். பாட்டு வராது, ஆனால் பாடுவார். தோட்டின் அக்கரையில் கயிறு திரிக்கிற பெண்கள் சிரிப்பார்கள். அவருக்குக் கவலை இல்லை. சாக்கை விலக்கி நான் தண்ணீர் ஊற்ற, மறுபடியும் போர்த்தி மூடிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இந்தப் பக்கம் அறை, இந்தப் பக்கம் அடுக்களை, மேற்கே ஒரு சன்னல் என்று மண்ணில் கோடு கிழிப்பார்.

நானும் பேசினேன். ஒருநாள் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்து, வாயில் துணி இல்லாமல், பலகை இல்லாமல், வாய்விட்டு அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது முடித்ததும், அன்றைக்கு ஏதோ சொல்ல வந்து நிறுத்தினீர்களே, அது என்ன என்று கேட்டேன். 

"வீட்டைக் கட்டி முடிக்கட்டும். உள்ளே வச்சுச் சொல்றேன்" என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. வீடு வந்துவிடும், சொல் வந்துவிடும் என்று ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவித் தண்ணீர் ஊற்றினேன்.

சிமெண்டுக் கல்லுக்கு ஒரு மாதம் ஆனால் போதும், சுவர் எழுப்பலாம் என்பது ஊர்க் கணக்கு. அந்தக் கணக்குப்படி ஒரு மாதம் கழித்து அவர் அந்த மேஸ்திரியைக் கூட்டி வந்தார். பள்ளுருத்திக்காரர், கை சுத்தம், வாய் மட்டும் நீளம். ஒரு கல்லை எடுத்துக் கரண்டியால் தட்டினார். முனை உதிர்ந்தது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். கல் இரண்டாகப் பிளந்து, உள்ளே சாம்பல் நிறமாகப் பல்லைக் காட்டியது.

"சேட்டா, இதைச் சாயாவில முக்கித் தின்னலாம். வீடு கட்ட ஆகாது" என்றார்.

என் கணவர் உடைந்த துண்டு ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. திரும்பி நடந்து வரும் வழியெல்லாம் அவர் கை சட்டைப் பையிலேயே இருந்தது. போகட்டும், பள்ளத்தை நிரப்பவாவது உதவும் என்று கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு வீடு போனதை விட, அவர் மறுபடியும் ஊமையாகப் போகிறாரே என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஓரகத்தி கேட்டாள், கல்லெல்லாம் எப்படி, சுவர் எழுப்பலாமா என்று. அவர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இன்னும் உறைக்கலை அக்கா, கல்லு இறுகலை. இன்னும் கொஞ்ச நாள் தண்ணி ஊத்தணும்."

பொய்தான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சட்டென்று துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வது போல் சிரிப்பை மூடிக்கொண்டார்.

மறுநாளும் தண்ணீர் ஊற்றப் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். எதற்கும் உதவாத கல்லென்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் சும்மா போய் உட்கார மனசு ஒப்பவில்லை. சொன்ன பொய்க்கு மரியாதை செய்ய வேண்டாமா? குழாயில் நின்று நல்ல தண்ணீரே பிடித்துப் போய், சாக்கை விலக்கி, ஒரு கல் விடாமல் ஊற்றி, மூடிவிட்டுத்தான் பேச உட்காருவோம். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. என் வாழ்க்கையின் நல்ல மாதங்கள் எவை என்று கேட்டால், கைக்கு உதவாத கற்களுக்குத் தண்ணீர் ஊற்றிய அந்த மாதங்கள்தான்.

வைகாசிப் பாதியில் மழை இறங்கியது. இங்கே அதை இடவப்பாதி என்பார்கள். அது இறங்கினால் நிற்காது. வானமே கல்லுக்குத் தண்ணீர் ஊற்றும்போது நாங்கள் என்ன சொல்லிக்கொண்டு போவது? முதல் நாள், சாக்கு பறந்துவிட்டதா என்று பார்க்கப் போனோம். அடுத்த நாள், தேங்கிய தண்ணீரை வெட்டிவிடப் போனோம். மூன்றாவது நாள் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வாசற்படியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரகத்தி உள்ளேயிருந்து வந்தாள். மழையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூலையில் சாத்தியிருந்த அவள் வீட்டுக்காரரின் பெரிய குடையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"போ. கல்லு நனைஞ்சு போயிரப் போவுது" என்றாள்.

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. எவ்வளவு நாளாக அவளுக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. காது மட்டும் இருந்த அந்த வீட்டில் மனசும் இருந்தது என்று அன்று புரிந்தது. ஒரு குடைக்குள் இரண்டு பேர் நின்றுகொண்டு, மழை இரைச்சலுக்கு மேலே அவர் கத்திப் பேச, நான் கேட்டேன். அந்த இரைச்சலுக்கு அவர் குரல் சரியான அளவாக இருந்தது.

மழை விட்டு, ஓணம் வருகிற சமயம். நிலத்தைச் சும்மா போட்டு வைப்பானேன், கற்களை உடைத்துப் பள்ளத்தை நிரப்பிவிடலாம், நாலு வாழையாவது வைக்கலாம் என்று அவரே சொன்னார். எனக்கு அழுகை வந்தது. கல்லை உடைத்துவிட்டால் பொய்யும் முடிந்தது, பேச்சும் முடிந்தது. சம்மட்டியை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டார். கணீர் என்று ஒரு சத்தம். சம்மட்டி எகிறியது, கை விண்விண்ணென்றது போலிருக்கிறது, உதறிக்கொண்டார். கல்லில் வெள்ளையாக ஒரு தடம் மட்டும் விழுந்திருந்தது. வேறொன்றை அடித்தார். அதுவும் உடையவில்லை. நாங்கள் இருவரும் அந்தக் கல்லுக்கு முன்னால், பிள்ளை முதல் வார்த்தை பேசிவிட்டது போல் உட்கார்ந்துவிட்டோம்.

மறுபடியும் மேஸ்திரி வந்தார். தட்டினார், சுரண்டினார், இடுப்பு உயரத்திலிருந்து போட்டார். தரையில் பள்ளம் விழுந்தது. தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். பள்ளம் பெரிதாயிற்று. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா?

"சாயா போடட்டுமா மேஸ்திரி? முக்கித் தின்னலாமே" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கல்லை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த முறை பாய்லர் பார்க்க வந்த இன்ஸ்பெக்டரிடம் இவர் விஷயத்தைச் சொல்லிக் கேட்டபோது, சாம்பல் அப்படித்தான், சிமெண்டு அவசரக்காரன், இது நிதானக்காரன், ஈரம் இருக்கிற வரைக்கும் உள்ளுக்குள்ளே இறுகிக்கொண்டே போகும், ஒரு மாதத்தில் அதை எடை போடக் கூடாது என்றாராம். இத்தனை மாதம் விடாமல் தண்ணீர் ஊற்ற உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று ஆச்சரியப்பட்டாராம். இவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். வீட்டில் சொன்னார்கள் என்றேன் என்றார்.

அதற்குப் பிறகு வார்த்த கற்களையும் ஒரு மழைக்காலம் முழுக்க நனைய விட்டுத்தான் எடுத்தோம். வீடு மெதுவாகத்தான் வந்தது. ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் ஒரு ஒட்டுத் தாழ்வாரம், மேற்கே அவர் கேட்ட சன்னல். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளிகூட இருக்கக் கூடாது என்று மேஸ்திரியிடம் நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். காற்று வர வேண்டாமா சேச்சி என்றார். காற்றுக்குத்தான் சன்னல் இருக்கிறது என்றேன்.

பால் காய்ச்சிய அன்று, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அவர் சன்னலைச் சாத்தினார். உடனே பேச ஆரம்பிப்பார் என்று பார்த்தால், அறை நடுவில் நின்று பழைய வழக்கப்படி தலையை ஆட்டிச் சிரிக்கிறார். இப்போதாவது சொல்லுங்கள் என்றேன். அவருக்குச் சந்தேகம். இந்தக் குரலை இந்தச் சுவர் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்.

"நீ வெளியே போய்ச் சுவர்ல காது வச்சு நில்லு. நான் உள்ளே பேசறேன்."

போனேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு தோட்டுப் பக்கம் போய், பூசாத சுவரில் காதை வைத்து நின்றேன். கல் சில்லென்று இருந்தது. அக்கரையில் கயிறு திரிக்கிற ராட்டின் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, எங்கேயோ ஆழத்திலிருந்து வருவது போல ஒரு முனகல் கேட்டது. அவர் பேசுகிறார் என்று தெரிந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. சும்மா ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்ப்பார் என்று நினைத்தேன். ஆனால் அது நீண்டுகொண்டே போயிற்று. நடுவில் நின்றது, பிறகு தொடர்ந்தது.

முன்பக்கம் வந்தபோது கதவைத் திறந்துகொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கேக்கலையா?"

இல்லை என்றேன்.

"அப்ப கல்லு நல்ல கல்லு" என்றார், தெருவே கேட்கும்படி.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் பேசாத பேச்சில்லை. சண்டையும் போட்டோம், தாராளமாக, யாருக்கும் கேட்காமல். மகள் பிறந்து, வீடு இடிந்து விழுகிற மாதிரி அழுதாள். நான் சமாதானம் செய்யாமல் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அன்று உள்ளே நின்று என்ன சொன்னார் என்பதை மட்டும் அவர் சொல்லவே இல்லை. நல்ல நாள் பார்த்துக் கேட்பேன், கோபத்திலும் கேட்பேன். சொல்லிவிட்டேனே, உனக்குக் கேட்கவில்லை என்றால் நான் என்ன செய்வது என்று சிரிப்பார். நானும் விட்டுவிட்டேன். அவசரம் என்ன, இங்கேதானே இருக்கப் போகிறோம் என்று நினைத்தேன்.

அறுபதுகள் முடிவதற்குள் ஒரு காலை நெஞ்சு வலி என்று மில்லிலிருந்து அவரைத் தூக்கி வந்தார்கள். வீட்டுக்குள் கொண்டு வந்தபோது பேச்சு இல்லை. கையைக் காட்டினார், தலையை ஆட்டினார். பலகை வீட்டில் இருந்தது போலவே என்னைப் பார்த்தார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

காரியம் எல்லாம் ஆன பிறகு படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டு வந்தார்கள். சுவரில் மாட்டித் தருகிறேன் என்று மேஸ்திரியே ஆணியும் சுத்தியலுமாக வந்தார். முதல் ஆணி வளைந்தது. பெரிய ஆணியாக எடுத்தார். அதுவும் வளைந்து தெறித்தது. பூச்சு மட்டும் உதிர்ந்து, உள்ளே அந்தச் சாம்பல் நிறம் தெரிந்தது. இடம் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துவிட்டு, சுத்தியலைக் கீழே வைத்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏறலை சேச்சி. இது இப்பவும் உறைச்சுக்கிட்டே இருக்கு."

விட்டுவிடுங்கள் என்றேன். படத்தை வாங்கி மேற்குச் சன்னல் திட்டில் சாய்த்து வைத்தேன். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. அவர் வார்த்த கல்லுக்கே அவர் படத்தை மாட்டிக்கொள்ள மனசில்லை என்றால், நான் யார் வற்புறுத்த?

எல்லாரும் போன பிறகு சாயங்காலம் கை தானாகக் குடத்தை எடுத்தது. பின்பக்கம் சுவரோரமாக மிச்சக் கற்கள் சில அடுக்கியபடியே கிடந்தன. ஒவ்வொன்றாக ஊற்றினேன். ஊற்றி முடித்து, பேச உட்காரும் நேரம் வந்தது. உட்கார முடியவில்லை. எழுந்து போய், பால் காய்ச்சிய அன்று நின்ற அதே இடத்தில், சுவரில் காதை வைத்து நின்றேன். அவர் சொன்னது இந்தச் சுவருக்குள் எங்கேயாவது கொஞ்சம் தங்கியிருக்கும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. கல் சில்லென்று இருந்தது. அக்கரை ராட்டும் அன்று ஓடவில்லை. இருட்டும் வரை நின்றேன்.

ஒன்றும் கேட்கவில்லை. கல் நல்ல கல்.